நெஞ்சுப் பட்டி

பிரேமிளாவின் இதயம் நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை அடித்தது. சைக்கிளின் கைபிடியில் பூட்டியிருந்த சின்னத் திரை அப்படித்தான் காட்டியது. அவள் மிதிப்பதை விட்டுவிட்டு, தலைமன்னார் வீதியோர மணலில் காலை ஊன்றினாள்.

பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு குறுக்கே நின்றது. பயிற்றுநர் சசிகரன் இறங்கினார். சோளகக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் முகமெல்லாம் வியர்வை.

"ஆர் உன்னை நிக்கச் சொன்னது?"

"நெஞ்சு கண்டபடி அடிக்குது, சேர். கொஞ்சம் மெதுவாப் போறன்."

"பவர் மீற்றர் என்ன சொல்லுது? நூற்றைம்பது வாற்ஸ். நான் கேட்டது இருநூறு. சும்மா காலைச் சுத்திக்கொண்டு வந்திட்டு எனக்கு நெஞ்சுக் கதை சொல்லுறியோ?"

"போன கிழமைதானே சேர் காய்ச்சல் விட்டது. கால் எவ்வளவு தள்ளுது எண்டுதான் பவர் மீற்றர் காட்டும். அதுக்கு உடம்பு படுற பாட்டை நெஞ்சில கட்டியிருக்கிற இந்தப் பட்டிதான் காட்டும்."

"எனக்குப் படிப்பிக்காதை!" என்று கத்தினார் சசிகரன். கத்திய பிறகு மூச்சு வாங்கிக்கொண்டார்.

பிரேமிளா பல்லைக் கடித்தாள். கூடப் பயிற்சி எடுக்கும் அஸ்னாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளை 'வருத்தக்காரி', நோயாளி என்று கூப்பிட்டுச் சிரித்தவர் இவர். இந்த மனிசன் ஒருநாள் மண் கவ்வ வேண்டும் என்று பேசாலைக் கோயிலில் மாதாவிடமே அவள் கேட்டிருக்கிறாள்.

"கழட்டு உந்தப் பட்டியை. அது பழுது எண்டு இப்பவே காட்டுறன்."

அவள் திரும்பி நின்று, சட்டைக்குள் கைவிட்டு, நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் போத்தல் தண்ணீரில் அதை நனைத்து, தன் ரீசேட்டுக்குள் மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் குந்தினார். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

நூற்றெழுபத்துநாலு. பிறகு நூற்றுப்பத்து. அடுத்த கணம் நூற்றெண்பது.

சசிகரன் தொடையில் அடித்துச் சிரித்தார். "பாத்தியோ! சும்மா குந்தியிருக்கிற எனக்கு நூற்றெண்பதாம்! இந்தக் குப்பையை நம்பித்தானே ஏலாது எண்டனி?"

பிரேமிளாவுக்கு முகம் எரிந்தது.

அவர் பட்டியைக் கழற்றி மணலில் எறிந்தார். "மாகாணத் தெரிவுக்கு அஸ்னா போவாள். நீ வீட்டை போய்ப் படு. இனி மைதானத்துப் பக்கம் வராதை."

"வரமாட்டன். உங்களிட்டை இனிச் செத்தாலும் வரமாட்டன்."

பட்டியைப் பொறுக்கி, மணலைத் தட்டி, மறுபக்கம் திரும்பி மாட்டிக்கொண்டாள். சைக்கிளில் ஏறி, வீட்டுப் பக்கம் திருப்பினாள். நாலு மிதி மிதித்திருப்பாள். பழக்கத்தில் கண் திரைக்குப் போனது.

பிறேக்கைப் பிடித்தாள். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து எண்ணினாள். திரும்பத் திரையைப் பார்த்தாள். இன்னொருமுறை எண்ணினாள். இரண்டு கணக்கும் ஒத்துப்போயின.

பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தாள். சசிகரன் இன்னும் அங்கேதான் நின்றார். கீழே விழுந்த திறப்பை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே நிமிர்ந்து மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

இப்படியே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எவரும் அவளைக் கேட்கப் போவதில்லை.

கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். சைக்கிளை மணலில் சரித்துவிட்டு ஓடிப்போய்த் திறப்பை எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, அதைச் செருகித் திருகினாள்.

"ஏய், இறங்கடி! என்ன செய்யிறாய்?"

"பின்னால ஏறுங்கோ. என்னை இறுக்கிப் பிடியுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"உனக்கென்ன விசரா?"

"பட்டியில பழுதில்லை, சேர்."