ஹில்லா விழுந்தாள்

இரண்டாவது தாவுமேட்டிலிருந்து எழும்பிய உடனேயே ஹில்லாவுக்குத் தெரிந்துவிட்டது, உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது என்று.

கீழே, பனிச்சறுக்குப் போட்டி நடக்கும் ரூகா மலைச்சரிவின் கடைசித் துண்டு. அதன் முடிவில் எல்லைக்கோடு. கோட்டுக்கு அப்பால் கையில் சுட்ட சாசேஜும் சூடான பழரசமுமாக ஊரே நின்றிருந்தது.

விழாமல் இறங்கினால் பரிசு மேடையில் ஓர் இடம் உறுதி. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, முதல் தடவையாக.

விழாமல் இறங்குவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. எவ்வளவு கோணலாக வந்தாலும் தொடையை இறுக்கி, இடுப்பை உந்தி, நிமிர்ந்துவிடுவாள். பத்திரிகைகள் அவளைப் பூனை என்றுதான் எழுதும்.

மூன்று வருடத்துக்கு முன்பும் இதே மாதிரி பின்னால் சாய்ந்து இறங்கி, இதே மாதிரி நிமிர்ந்தாள். இடது முட்டிக்குள் ஜவ்வு அறுந்தது. பேசாமல் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது.

முட்டி ஆறியதிலிருந்து அவள் கணவன் ஓஸ்மோ அவளுக்கு விழக் கற்றுக்கொடுத்து வந்தான். அணியின் பிசியோதெரபிஸ்ட் அவன்தான். முட்டிகளை மடக்கியே வை, சறுக்குப் பலகைகளைச் சேர்த்து வை, கைகளை முன்னால் நீட்டு, வழுக்கி நிற்கும்வரை எழ நினைக்காதே. இவ்வளவுதான் பாடம்.

சமையலறையில் மெத்தையைப் போட்டுப் பயிற்சி நடந்தது. அவள் பாத்திரம் கழுவும்போது சத்தமில்லாமல் வந்து தள்ளிவிடுவான். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் ஹில்லாவை மாடிப்படியில் நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

ஆனால் ஒரு தடவைகூட ஹில்லா விழவில்லை. கையில் தட்டோடு தள்ளாடி, தட்டையும் காப்பாற்றி, நின்றுவிடுவாள்.

"ஒரு கலைமானுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா இந்நேரம் அழகா விழுந்திருக்கும்" என்பான் ஓஸ்மோ.

இப்போது பலகைகள் பனியைத் தொட்டன. உடம்பு இன்னும் பின்னால்தான் இருந்தது. தொடை தானாக இறுகத் தொடங்கியது.

ஹில்லா அதைத் தளர்த்தினாள்.

விழுந்தாள்.

முட்டிகள் மடங்கியிருக்க, பலகைகள் சேர்ந்திருக்க, யாரிடமோ குழந்தையை வாங்கப் போகிறவள்போல இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்க, ஒவ்வொரு பனிமேடும் அவளைத் தூக்கித் தூக்கிப் போட, பின்பக்கத்தாலேயே மிச்சச் சரிவு முழுவதும் இறங்கி, எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து நின்றாள்.

கூட்டம் முதலில் பதறியது. பிறகு சிரித்தது. பூனைக்கு வயதாகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் சொன்னார்.

மேடை போயிற்று. ஹில்லா முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். முட்டி முழுசாக இருந்தது.

ஏன் நிமிர முயலவில்லை என்று டீவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். கணவர் சொல்லிக் கொடுத்தது என்றாள்.

அது ஒலிபெருக்கி வழியாக ஓஸ்மோவின் காதிலும் விழுந்தது. தடுப்புவேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தான். பாடம் ஒருவழியாகப் பலித்த சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவளை அணைக்கக் கைகளை விரித்தபடி வந்தவனின் கால், கண்ணாடியாக உறைந்திருந்த ஓரிடத்தில் வழுக்கியது.

விழுந்திருக்கலாம். அவன் விழவில்லை. ஒற்றைக் காலில் சுழன்று, கைகளை வீசி, தொடையை இறுக்கி, நிமிர்ந்தே விட்டான். கூட்டம் கைதட்டியது.

பிறகுதான் மெதுவாகப் பனியில் உட்கார்ந்தான்.

"அப்படியே விழுந்து தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் ஹில்லா.

"டீவி ஓடுதே. எல்லாரும் பாக்குறாங்க."

டாக்டர் வந்து ஓஸ்மோவின் முட்டியை அசைத்துப் பார்த்தார். ஜவ்வுதான் என்றார். ஆபரேஷன், அதன் பிறகு மாதக்கணக்கில் சோபா.

ஓஸ்மோவின் கோட்டுக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்த ஹில்லாவின் முகம் வெளிறியது. அவன் அப்பா தாவேத்தி.

தாவேத்தி தானாகப் போன் செய்கிற ஆள் இல்லை. கடைசியாகச் செய்தது ஹில்லாவின் முட்டி ஜவ்வு அறுந்த அன்று.

இரண்டு வாரம் துணைக்கு இருக்கிறேன் என்று அப்போது வந்தவர், பனி உருகிக் கொசு வரும்வரை இருந்தார். காலையில் அவள் சோபாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அக்கார்டியன் வாத்தியத்தில் ஒரு டாங்கோ நடன மெட்டை வாசிப்பார். அதில் பாதிதான் அவருக்குத் தெரியும். பாதி வந்ததும் நிறுத்தி, அவள் முட்டியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். எழுந்து போக முடியாத ரசிகர் அதற்கு முன் அவருக்கு வாய்த்ததில்லை. ஓஸ்மோ அந்த மாதங்களில் அணியோடு ஊர் ஊராகப் போய்விட்டான்.

இன்று காற்றில், உடம்பு பின்னால் சாய்ந்த அந்தக் கணத்தில், ஹில்லாவின் காதில் கேட்டது ஓஸ்மோவின் பாடம் அல்ல. அந்தப் பாதி டாங்கோ.

"டீவில பார்த்தேன். கிளம்பிட்டேன்" என்றார் தாவேத்தி.

ஓஸ்மோ அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "மீதிப் பாதியக் கத்துக்கிட்டாரான்னு கேளு."

கேட்டாள்.

மறுமுனையில் பதிலுக்கு, தூக்கி வைக்கப்பட்ட அக்கார்டியன் ஒருமுறை முனகியது. பிறகு, கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.