மூன்றாவது கை

வெள்ளிப் பூச்சு காய்ந்து, நான்கு வீல்களும் ஸ்டாண்டில் வெறும் உடம்போடு நின்றன.

இனி அவற்றின் மேல் தங்கம் ஏற வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்த கிளியர் வார்னிஷில் பொன்னிற டின்ட்டைக் கலந்து அடிக்கிற வேலை. ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, அடித்தால் வைக்கோல் நிறம். இரண்டு கைக்குத் தேன். மூன்றாவது கையில் தங்கம். ஆசைப்பட்டு அதற்கு மேல் போனால் பித்தளைக் குடம்.

பெயிண்டருக்குப் பெயரே ‘மூணு கை’தான். புதிதாக வருகிறவர்கள் அவருடைய இரண்டு கையையும் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தேடுவார்கள்.

கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்றைக்குத்தான் ஸ்பிரே கன்னைத் தொடுகிறார். திறந்தது வலது கண் மட்டும். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

கட்டுப் பிரித்த அன்று மனைவியைத்தான் முதலில் பார்த்தார்.

“உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?”

“நேத்துதான். நீங்க கண்ணைக் கட்டியிருந்த நேரமாப் பார்த்து.”

இந்த வீல்களுக்குச் சொந்தமான கார் ஆறு வாரமாகச் செங்கல் மேல் நிற்கிறது. ‘அண்ணன் கை பட்டால்தான்’ என்று கார்க்காரர் பிடிவாதம். சாயங்காலம் வருகிறார்.

காலையில் கம்ப்ரஷரைப் போடுவதற்கு முன் பெயிண்டர் சொல்லிவிட்டார்: “கண்ணு திறந்தும் கலர் வரலைன்னா, கன்னை எடைக்குப் போட்டுடுவேன்.”

வெறும் பேச்சில்லை. இரண்டு வருஷமாகவே மூன்றாவது கையில் தங்கம் வருவதில்லை. நாலு, அஞ்சு என்று ஏற்றிக்கொண்டே போனார். முதல் தடவை அப்படி ஏற்றிய செட் பித்தளையாகத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டுப் போனார். பெயிண்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறமும் அஞ்சு கைதான் அடித்தார். ஆனால் ஒன்றும் திரும்பி வரவில்லை. அதனால் பழி டின்ட் கம்பெனி மேல் விழுந்தது. “கம்பெனிக்காரன் தண்ணியைக் கலக்குறான்” என்று டப்பா திறக்கும்போதெல்லாம் திட்டுவார்.

டேப் ஒட்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, டின்ட் கலக்குவது எல்லாம் மனைவி வேலை. அவள் “ஆமா, அவன் திருந்த மாட்டான்” என்பாள். தலை நிமிராமல் கலக்குவாள்.

இன்றும் அவள்தான் கலந்து கொடுத்தாள்.

ஒரு வீலில் மட்டும் முதல் கை அடித்தார். பத்து நிமிஷம் விட்டார். இரண்டாவது கை. மறுபடி பத்து நிமிஷம். மூன்றாவது கையை மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து நடுவுக்கு, ஓரிடத்தில் நிற்காமல் அடித்தார்.

முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

தேன்கூட ஏறவில்லை. வெறும் வைக்கோல்.

கண் வந்துவிட்டது, கை போய்விட்டது என்று நினைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்தார்.

ஷட்டர் வழியாக வந்த வெயில் புதுக் கண்ணில் கூசியது. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். மூணு கை அடித்த வீல், அடிக்காத வீல் இரண்டும் ஒரே மாதிரி அழுக்கு மஞ்சளாக நின்றன.

வலதைத் திறந்தார். ஒன்று வைக்கோல், ஒன்று வெள்ளி. மூடினார். இரண்டும் ஒன்று.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இரண்டு வருஷம் கலர் பார்த்தோம்?

அப்படியானால் ஏற்றின அத்தனையும் பித்தளையாகி அல்லவா திரும்பியிருக்க வேண்டும்.

எழுந்து கலக்குகிற மேஜைக்குப் போனார். அளவுக் கப் கழுவாமல் இருந்தது. டின்ட் எதுவரைக்கும் ஊற்ற வேண்டும் என்று அவரே என்றைக்கோ போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

அதற்கு ஒரு விரல் கீழே இன்னொரு கோடு. பெயிண்டில் போட்டதில்லை. ஊசியாலோ நகத்தாலோ கீறியது. கீறலுக்குள் பழைய டின்ட் காய்ந்து கறுத்திருந்தது. இன்றைய ஈரம் அந்தக் கீறலோடு நின்றிருந்தது.

கப்பைச் சத்தமில்லாமல் வைத்தார்.

அவள் மூலையில் முதுகைக் காட்டிக் குந்தியபடி கடைசி வீலின் காற்று வால்வுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் கண் திறந்தது அவள் கைக்கு இன்னும் தெரியவில்லை.

முகமூடியை மாட்டினார். நாலாவது கை அடித்தார். பத்து நிமிஷம் காத்திருந்தார். அஞ்சாவது கை.

வீல் தங்கமாக நின்றது. பித்தளை இல்லை, சுத்தத் தங்கம்.

கம்ப்ரஷர் நின்றதும் அவள் திரும்பினாள். “ஆச்சா? எத்தனை கை?”

“அஞ்சு.”

அவள் பார்வை நேராக மேஜைக்குப் போனது. கப்பில் போய் நின்றது.

அவர் கன்னின் மூக்கைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“கம்பெனிக்காரன் இன்னும் தண்ணியைத்தான் கலக்குறான்.”

அவள் கப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அவன்கிட்ட சொல்லி வை. அடுத்த மாசம் இன்னொரு கண்ணும் திறந்துடும்னு.”

“சொல்றேன்” என்றாள். டேப் சுருளை எடுத்து, நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

நுனி அவள் விரலில்தான் ஒட்டியிருந்தது.