நூல் கோத்த ஊசிகள்

நூல் முனை ஊசிக் காதைத் தொட்டுத் தொட்டு விலகியது.

நாக்கில் நனைத்துக் கூராக்கலாம் என்றால் வாயில் எச்சில் இல்லை. அதுவும் மாத்திரையின் வேலைதான்.

"என்ன அண்ணி, நூல் உள்ள போகுதா, இல்ல ஊசியச் சுத்தி ஊர்கோலம் போகுதா?" என்றாள் நாத்தனார், மிஷினை நிறுத்தாமலே.

எங்கள் தையல் கடையில் மிஷின் அவளுடையது. பட்டன், காஜா, ஓரம் மடிப்பது என்று கைவேலை முழுக்க என்னுடையது. அவள் வாயும் மிஷின் மாதிரிதான். ஓட ஆரம்பித்தால் நிற்காது.

அதனால்தான் மாத்திரை விஷயம் அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்தால் பேச்சோடு பேச்சாகத் தெருவுக்கே தெரிந்துவிடும். மாத்திரை அட்டை, உடைந்த பட்டன்கள் போட்டுவைக்கும் டப்பாவின் அடியில் இருந்தது.

மனசு தேறுவதற்காக டாக்டர் கொடுத்தது. வாய் உலரும், கிட்டத்தில் இருப்பது மங்கும், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மனசு தேறியது. எதிர்க்கடைப் பலகைகூடப் பளிச்சென்று தெரிந்தது. கையில் இருக்கும் ஊசிதான் புகையாகக் கலைந்தது.

இத்தனை நாள் ஒப்பேற்றியது திருட்டில். மேசைமேல் பஞ்சுப் பந்தில் அவள் கோத்து வைத்த ஊசிகள் எப்போதும் குத்தியிருக்கும். அவள் குனிந்திருக்கும்போது ஒன்றை உருவிக்கொள்வேன்.

நேற்று அப்படி உருவியதில் நீலக் கோட்டுக்குக் கறுப்பு நூலில் பட்டன் தைத்துவிட்டேன். கோட்டுக்காரர் மேசையில் வீசிவிட்டுப் போனார். அதைப் பிரித்துத் தைத்ததிலேயே இன்று கோத்து வைத்த ஊசிகள் எல்லாம் தீர்ந்துபோயின.

பிழைப்பா, மாத்திரையா என்று ஆகிவிட்டது.

இன்றைய மாத்திரையை விழுங்காமல், காலடியில் இருந்த துண்டுத் துணிக் கூடைக்குள் போட்டேன்.

மிஷின் நின்றது.

எழுந்து வந்தவள் உடைந்த பட்டன் டப்பாவைத் திறந்தாள். துழாவவில்லை. நேராக அடியில் விரலை விட்டு அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்.

பிறகு உட்கார்ந்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பஞ்சுப் பந்தில் குத்தினாள். நீலம் ஒரு பக்கம், கறுப்பு மறு பக்கம்.

மிஷினில் தைக்கிறவளுக்குக் கை ஊசி எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"முழுங்குங்க அண்ணி," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வருஷம் நீங்க சுவத்தப் பாத்தே உக்காந்திருந்தப்ப, எனக்குச் சண்ட போடக்கூட ஆள் இல்ல."