வாயில்லாப் பூச்சி

மேலாளரின் காபிக் கோப்பையில் ஓர் அனிமே பெண்ணின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் நாயகியின், படம் இருந்தது. கதையில் அவள் கூச்சத்தில் தலை நிமிரமாட்டாள். கை ஓங்கினால் மலை இரண்டாகும்.

"அதிகம் பேசாதவங்கதான் நிஜமான பலசாலி. நம்ம ஆபீஸ்ல நீதாம்மா அப்படி," என்று இளம் பொறியாளரிடம் உருகினார். உருகிக்கொண்டே, அவள் மூன்று மாதம் வரைந்த லிஃப்ட் வடிவமைப்பின் அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

"சார், அது நான் வரைஞ்சது..."

"பாத்தியா, பேசற! இவ பேசுவாளா?" கோப்பையைக் காட்டினார். "நாளைக்கு முதலாளி முன்னாடியும் வாயைத் திறக்காத. அதுதான் உனக்கு அழகு."

மறுநாள் கூட்டத்தில் முதலாளி ஒரு தாளைப் பார்த்துக் கேட்டார். "கரண்ட் போனா இந்த லிஃப்ட் எங்க நிக்கும்?"

மேலாளர் வடிவமைப்பின் பக்கங்களைப் புரட்டினார்.

"கம்பிவடம் ஒண்ணு அறுந்தா?"

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேம்மா!"

அவள் தலை குனிந்துகொண்டாள். "கூச்சமா இருக்கு சார்."

முதலாளி தாளை மேலாளர் பக்கம் நகர்த்தினார். கேள்விகள் அத்தனையும் அவள் கைப்பட எழுதிக் கொடுத்தவை. பின்பக்கத்தில் பதில்கள்.