அகலமான ஆக்சில்

டேப்பின் மறுமுனை அவன் கையில் இருந்தது.

"ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர்," என்றான். "உங்க வரைபடத்துல இருக்கிறதும் இதுதானே?"

அதுதான்.

ஆம்னி வேனின் பின் ஆக்சில், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், கிழிந்த டயர்களுக்கு நடுவே, நேற்றுத்தான் கழற்றியதுபோல் கிடந்தது. இதைத் தேடித்தான் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

வீட்டு ஷெட்டில் அவளுடைய கார் பாதி நிற்கிறது. காரின் சட்டத்துக்கு இரும்புக் குழாய்களை அவளே அறுத்தாள். அவளே பற்றவைத்தாள். இன்ஜின் இருக்கிறது. முன் சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு சீட் இருக்கிறது.

பின்பக்கம் மட்டும் செங்கல்மேல் நிற்கிறது.

அவன் கல்லூரி ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரன். டேப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தாள். எதற்கு என்றுகூடக் கேட்காமல் வந்தான். அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறு அவள் கேட்கவே இல்லை.

வந்தான்.

கடைக்காரர் மாரப்பன் அவள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பிடித்தார்.

"ஒரே சீட்டுங்களா அம்மணி?"

"ஆமாங்ண்ணா."

"எங்கூர்த் தேர்லயே ரெண்டு சாமி உக்காருதுங்க."

அவன் சிரித்தான். அவள் குனிந்து டேப்பைச் சுருட்டினாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

அம்பாசடர் கார் ஆக்சில். இரண்டு முக்காலிகளின் மேல், தரையைத் தொடாமல். பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரம் மாட்டும் வட்ட டிரம்கள். துருகூட அழகாக இருந்தது.

சும்மாதான் இந்தப் பக்க டிரம்மைச் சுற்றினாள்.

"அட," என்றான் அவன்.

அந்தப் பக்க டிரம்மில் கையை ஊன்றியிருந்தான். அவள் முன்னால் சுற்ற, அவன் கை பின்னால் போயிருந்தது.

அவளுக்குத் தெரியும். டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரங்களையும் நடுவில் பிணைக்கும் பல்சக்கரப் பெட்டி. கரும்பலகையில் எத்தனையோ முறை அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறாள். ஆனால் அம்புக்குறிக்குக் கை கிடையாது.

மறுபடி சுற்றினாள். அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் பக்கம் கனத்தது. விட்டான். லேசானது. பிடித்தான். கனத்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடையில். எல்லார் முன்னாலும்.

"அளக்கலாமா?" என்றாள்.

அளந்தார்கள். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

"நூத்தம்பது அதிகம்," என்றான். "உங்களுக்கு இவ்வளவு தேவையில்லையே."

தேவையில்லை. அவளுடைய காரில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில்தான் சீட் வருகிறது. ஆம்னி ஆக்சில் என்றால் ஒருவர். ஒருவர் மட்டும்.

இதில் பக்கத்தில் இன்னொருவர் உட்காரலாம்.

மனதுக்குள் இரண்டு சீட் வரைந்தாள். அவள் தோள். இன்னொரு தோள். நடுவே கியர் தண்டு.

தோள் இடிக்கும்.

மறுபடி கணக்குப் போட்டாள். நிச்சயமாக இடிக்கும்.

இதை எடுத்தால் சட்டத்தின் பின்பாதியை அறுத்து எறிய வேண்டும். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பற்றவைத்தது. அறுத்த பிறகு அந்தச் சீட் காலியாகவே ஓடலாம். அவன் டேப் பிடிக்க வந்தவன். வேறெதற்கும் வருவதாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அவளும் கேட்டதில்லை.

மாரப்பன் ஆம்னி ஆக்சிலைத் தூக்க ஆள் கூப்பிட்டார்.

"இல்லீங்ண்ணா. இது."

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"அப்ப சட்டம்?" என்றான் அவன்.

"அறுத்துக்கலாம்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் ஆக்சிலைப் பார்த்தாள்.

அதோடு வந்த ஸ்பிரிங்கை மாரப்பன் காலால் தள்ளிக் காட்டினார். வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"அஞ்சாறு பேரை ஏத்துன டாக்ஸிங்க இது. அத்தனை பட்டையும் வெச்சா உங்க வண்டி கட்டவண்டியாட்டத் தூக்கித் தூக்கிப் போடும். எத்தனை கழட்டோணும்? லோடு சொல்லுங்க, இப்பவே கழட்டிரலாம்."

இந்தக் கணக்கு அவளுக்குப் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டாள். சட்டம். பெட்ரோல் டேங்க். இன்ஜின் எடையில் பின்னால் விழும் பங்கு. அவள், நாற்பத்தொன்பது கிலோ.

ஒரு எண் குறைந்தது.

ஊகிக்கலாம். அறுபத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து கிலோ முன்னே பின்னே இருந்தால் ஸ்பிரிங்குக்குத் தெரியப்போவதில்லை. வாயைத் திறக்காமலே காரை முடித்துவிடலாம்.

கண்ணைத் திறந்தாள். திரும்பினாள்.

"உங்க வெயிட் எவ்வளவு?"

கேட்டுவிட்டாள்.

ஓடிவிடலாம் போலவும் இருந்தது, இன்னொரு முறை கேட்கலாம் போலவும் இருந்தது.

அவன் கண் இந்தப் பக்க டிரம்மிலிருந்து புறப்பட்டு ஆக்சிலோடு மெதுவாக நகர்ந்தது. பாதிவரை வந்தது. கொஞ்சம் தாண்டியது. அங்கே, இன்னொரு சீட் வரும் இடத்தில், நின்றது.

"சரியாத் தெரியலை," என்றான்.

கடை மூலையில் பழைய இரும்பு நிறுக்கும் தராசு இருந்தது. அதை நோக்கி நடந்தான்.

"ஏனுங் தம்பி," என்றார் மாரப்பன், "உங்களையும் கிலோக் கணக்குல போடப் போறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. பாதி வழியில் திரும்பி வந்தான். பைக் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். போனை வைத்தான். பர்ஸை வைத்தான். சட்டைப் பையைத் துழாவி ஒரு பேனாவையும் எடுத்து வைத்தான்.

பிறகு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தராசில் ஏறினான்.