பாதிக்கூடை அக்கா

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பெரிய கடை. கடைக்குள் நாலு பில் கவுண்டர். நாலாவதில் ஒரு பெண். கதை இதோடு முடிந்திருக்கும், சனிக்கிழமை தோறும் அந்த அக்கா வராமல் இருந்திருந்தால்.

அக்கா கூடை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். எல்லாவற்றுக்கும் பில் போட்டு முடித்ததும், "எவ்வளவும்மா ஆச்சு?" என்பாள். சொன்னால், "ஐயோ, அவ்வளவா? எண்ணெயை எடுத்துடு. சோப்புத்தூளும் வேண்டாம்" என்பாள்.

கடையில் அவளுக்குப் பாதிக்கூடை அக்கா என்றே பேர்.

பில்லில் ஏறியதை இறக்க வேண்டுமானால் மணி அடிக்க வேண்டும். சூப்பர்வைசர் சாவியோடு வர வேண்டும். மாதத்தில் பத்து தடவை மணி அடித்தால் அந்தப் பெண்ணுக்குக் கவுண்டர் கிடையாது. குடோனில் மூட்டை பிரிக்கும் வேலை. சம்பளமும் குறையும்.

இரண்டு வருஷம் குடோனில் தூசி தின்றுவிட்டு இப்போதுதான் நாற்காலிக்கு வந்தவள் அவள். இந்த மாதம் ஒன்பது ஆகிவிட்டது. அக்காவைப் பார்த்துப் பார்த்து, பின்னால் நிற்பவர்களும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

இன்று சனிக்கிழமை. அக்கா வந்தாள். வரிசையில் தன் முறை வந்தும், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று இரண்டு பேரை முன்னால் அனுப்பினாள். அப்புறம்தான் கூடையை வைத்தாள்.

பெண் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உங்க கால்ல வேணாலும் விழறேன். இன்னைக்கு ஒண்ணைக்கூட எடுக்கச் சொல்லாதீங்க. இன்னொரு மணி அடிச்சா என் சீட்டு போயிடும்."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் துளியோடு ஒரு பெயிண்டர். பக்கத்தில் அவனுடைய மாமியார்.

"எவ்வளவும்மா ஆச்சு?"

பெண் சொன்னாள். 

"எண்ணெயை எடுத்துடு. பிஸ்கட்டும் வேண்டாம்." வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள் அக்கா. "கையில இருக்கிறதுக்குத்தானே வாங்க முடியும்? இதுல என்ன வெட்கம்?"

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு மணியை அடித்தாள்.

சூப்பர்வைசர் வந்து சாவியைத் திருகினார். "பத்தாச்சு. இந்த வரிசையை முடிச்சிட்டு குடோனுக்குப் போயிடு."

அக்கா பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். 'கல்நெஞ்சக்காரி' என்று மனசுக்குள் வைதுகொண்டே பெயிண்டரின் கூடையை இழுத்தாள் பெண்.

தொகையைக் கேட்டதும் பெயிண்டர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். மாமியாரை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் சாதாரணமாக, "ஷாம்புவும் அந்த டப்பாவும் வேண்டாம்மா, எடுத்துடுங்க. அந்த அக்கா சொன்ன மாதிரிதான்" என்றான்.

பெண் மறுபடி மணி அடித்தாள். பத்துக்கு மேல் பதினொன்று ஆனால் என்ன?

மாமியார் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். "எங்க மாப்பிள்ளை எப்பவும் இப்படித்தான். ஒரு பைசா வீணாக்க மாட்டார். என் பொண்ணு கொடுத்து வச்சவ."

பெயிண்டர் தலையை நிமிர்த்திக்கொண்டு பைகளைத் தூக்கினான். இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

வரிசை தீர்ந்தது. பெண் எழுந்திருக்கும்போது எதிரில் அக்கா. கையில் அதே எண்ணெய், அதே பிஸ்கட்.

"பில் போடும்மா."

பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காசை வச்சுக்கிட்டேதான் என்னைக் குடோனுக்கு அனுப்பினீங்களா?"

"மூணு மாசம் முன்னாடி, நீ இந்த சீட்டுக்கு வராத நேரம்" என்றாள் அக்கா. "அந்தப் பெயிண்டர் இதே இடத்துல நின்னாரு. காசு பத்தல. பின்னாடி இருந்தவங்க உச்சுக்கொட்டினாங்க. மனுஷன் கூடையை அப்படியே வச்சிட்டு வெறுங்கையோட போயிட்டாரு. அன்னைக்கு அந்த வீட்டுல என்ன சமைச்சிருப்பாங்க சொல்லு."

அக்கா எண்ணெயை அவள் கையில் எடுத்து வைத்தாள்.

"உச்சுக்கொட்டினதுல நானும் ஒருத்தி. காசு நீட்டினா வாங்கிக்கிற ஆள் இல்ல அவரு. அதான், யாரு கை குறைச்சலா தெரியுதோ அவங்களுக்கு முன்னாடி போய் நின்னுக்குவேன். முதல்ல ஒருத்தி எடுத்துட்டா, அடுத்தவங்களுக்கு வாய் வந்துடும்."

பெண் கையில் எண்ணெயை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்த மாதம் அக்காவுக்குப் பின்னால் நின்று பொருளை எடுக்கச் சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களில் ஒருத்தர்கூட வெறுங்கையோடு போகவில்லை.

"ஆனா உனக்குப் பண்ணினது பாவம்" என்றாள் அக்கா. "சூப்பர்வைசர்கிட்ட போறேன். எல்லாம் என்னாலதான்னு சொல்றேன்."

"போகாதீங்கக்கா."

"ஏன்?"

"போய்ச் சொன்னீங்கன்னா, பில் போட்டப்புறம் எதையும் எடுக்கக்கூடாதுன்னு நாளைக்கே போர்டு மாட்டிடுவாரு. அப்புறம் அவங்கல்லாம் எங்க போவாங்க?"

அக்கா பர்ஸைத் திறந்து பணத்தை நீட்டினாள். 

பெண் எண்ணெய்க்கும் பிஸ்கட்டுக்கும் பில் போட்டாள். மீதிச் சில்லறையை அக்காவின் கையில் வைத்தாள்.

"நாளைக்கு இந்த சீட்டுக்குப் புதுசா ஒருத்தி வருவா. உங்களைத் திட்டுவா. நீங்க வர்றதை மட்டும் நிறுத்திடாதீங்க."

சொல்லிவிட்டு, கவுண்டர் விளக்கை அணைத்துவிட்டு, மூட்டைகள் அடுக்கியிருந்த குடோனை நோக்கி நடந்துபோனாள்.