மடி உயரம்

காலியிலிருந்து திருகோணமலை வரை யோகராசா தனியாகவே ஓட்டி வந்தார். இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதை வாங்க றிஸ்கான் துறைமுக வீதியில் காத்திருந்தான்.

கந்தளாயில், பழக்கத்தில் ஒரு மண்முட்டித் தயிர் வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். முன்பெல்லாம் மனைவி கோணேஸ்வரி அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். மாசியில் அவள் இறந்துபோனாள்.

தம்பலகாமத்தில் யானை குறுக்கே வந்தது. பிரேக்கை ஏறி மிதித்தார். தயிர் முட்டி அசையவில்லை.

துறைமுக வீதியில் றிஸ்கான் சிரித்தபடி பக்கத்துக் கதவில் கை வைத்தான். "தயிரும் சேத்துத்தானோ தாறீங்கள், அண்ணை?"

யோகராசா திரும்பிப் பார்த்தார். முட்டி இருக்கையைத் தொடவில்லை. ஒரு சாண் மேலே, மடி உயரத்தில் நின்றது.

"கதவைத் திறக்காதைங்கோ, தம்பி. கார் விக்கிறேல்லை," என்றார். "அதில ஆள் இருக்கு."